சந்தன அத்தைக்குப் பசித்த சாயங்காலம்

ஏழு வயது வரை நான் ஏழைகளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். திருத்தணியில் எங்கள் சர்ச்சின் ஞாயிறு பள்ளிச் சுவரில் அந்தப் படம் தொங்கியது. கணுக்கால் வரை அங்கி, வெறுங்கால், தலையில் ஒரு மூட்டை, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அந்த மனிதர்கள் எங்கோ தூரத்தில், ஒருவேளை ரேணிகுண்டாவுக்கும் அப்பால், வசிக்கிறார்கள் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். எங்கள் ஊரில் மலை இருந்தது, மலைமேல் முருகன் கோயில் இருந்தது, கீழே பேருந்துகளும் தேங்காய்க் கடைகளும் மொட்டைத் தலைகளும் இருந்தன. இவ்வளவுக்கும் நடுவில் ஏழைகள் வந்து இருக்க இடம் ஏது?

இத்தனைக்கும் அவர்களுக்கு வாரம் தவறாமல் அரிசி கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். எங்கள் சர்ச்சில் அது பழைய வழக்கம். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைக் கொண்டுவந்து, சர்ச்சின் பக்கக் கதவருகே நிற்கும் பெரிய டிரம்மில் கொட்ட வேண்டும். டிரம் நிரம்பினால் அது மூட்டையாகி எங்கோ ஒரு ஏழை வீட்டுக்குப் போகும். எங்கள் வீட்டு டின்னைக் கொட்டும் உரிமை என்னுடையது. கொட்டிவிட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். அங்கே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கிடக்கும். மெலிந்த வெள்ளை அரிசி பெரியப்பா வீட்டுடையது. குண்டாக இருப்பது யாரோ இட்லிக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்தது. பழுப்பேறியது ரேஷன் அரிசி. கையைவிட்டு அளைந்தால் விரல்களுக்கிடையே எல்லோருடைய சமையலறையும் நழுவிப் போகும். அந்தச் சரசரப்பைக் கேட்டுக்கொண்டே நின்றால், பின்னால் பாட்டு தொடங்கியதுகூடக் காதில் விழாது. ரகம் ரகமாகக் கலந்த இந்த அரிசியை ஏழைகள் எப்படிப் பதமாக வேகவைப்பார்கள் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது இருந்த கவலை.

அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். நைனாவுக்கு மைக் செட்டும் சீரியல் விளக்கும் தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கிறிஸ்துமஸ் எதுவானாலும் கட்டுவார். மலைக்கோயில் திருவிழா என்றால் கட்டாயம் கட்டுவார். இது அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்கு அறவே பிடிக்காது. பெரியப்பா அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்தார், சர்ச் கமிட்டியிலும் இருந்தார். இரண்டு இடத்திலும் தன்னைக் கேட்காமல் எதுவும் நகராது என்று நம்பினார். லைட்டுக்கு மதம் தெரியுமா அண்ணே என்று நைனா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வருடக் கடைசியில் படித்திருவிழாவுக்காக மலைப்படியோரம் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது நைனா ஏணியிலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, வேலூரில் கம்பி வைத்து அனுப்பினார்கள். பார்க்க வந்த பெரியப்பா ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "பாத்தியா, ஆண்டவர் காட்டிட்டாரு" என்றார். அம்மா அந்தப் பழங்களைத் தொடவே இல்லை. நான்தான் தின்று தீர்த்தேன். இனி எது இல்லாமல் போனாலும் அது பெரியப்பா காதுக்குப் போகக் கூடாது என்று அம்மா முடிவு செய்தது அன்றைக்குத்தான். அவளே பின்னால் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

எனக்கோ அது பொற்காலம். நைனா நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். வேலைக்குப் போகாத சீரியல் செட்டுகள் எல்லாம் வீட்டுக்குள் குவிந்து கிடந்தன. சாயங்காலமானால், பழுது பார்க்கிறேன் என்ற சாக்கில், படுத்தபடியே ஒன்றைச் சுவரில் ஓடவிடுவார். சிவப்பும் பச்சையும் நீலமும் அம்மாவின் முகத்தில் ஓடும், அடுக்கி வைத்த பாத்திரங்களில் ஓடும், என் உள்ளங்கையில் வந்து நின்று போகும். ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்துக்கொண்டே வரும். பிறகு அங்கேயும் விளக்குகள் முளைக்கும். எது எங்கள் வீட்டு விளக்கு, எது மலைமேல் விளக்கு என்று பிரிக்க முடியாத ஒரு நேரம் வரும். மலையிலிருந்து வரும் பாட்டு ஒலிபெருக்கியில் கரைந்து கரைந்து வரும். அந்த வெளிச்சத்தில் நாங்கள் கஞ்சி குடிப்போம். முன்பெல்லாம் ராத்திரிக்குச் சோறும் குழம்பும்; இப்போது தினமும் கஞ்சி. என் கிண்ணத்துக்குள் ஒரு நீல விளக்கு மிதக்கும். அதை விழுங்கினால் வயிற்றுக்குள் எரியும் என்று நைனா சொல்வார். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போவேன்.

பிறகு செட்டுகள் குறையத் தொடங்கின. கனகம்மாசத்திரத்திலிருந்து ஒருவர் டெம்போவில் வந்து எடுத்துப் போவார். எங்கே போகிறது என்று கேட்டால், கல்யாணத்துக்குப் போகிறது என்பார் நைனா. ஒன்றும் திரும்பி வரவில்லை. நீளமான கல்யாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆம்ப்ளிபயர் ஒரு கல்யாணத்துக்குப் போனது. அம்மாவின் கம்மலும் போனது. வீடு சாயங்காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது.

அம்மா பிடி அரிசியை மட்டும் விடவில்லை. பிடி சின்னதாகி, மூன்று விரல் கூடும் அளவுக்கு வந்துவிட்டது, ஆனாலும் எடுத்தாள். ஞாயிறன்று டின்னை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பதற்குள் அவளே கொட்டிவிட்டாள். என் உரிமை பறிபோனதில் எனக்கு ரொம்பக் கோபம். இரண்டு ஞாயிறு அவளோடு பேசவில்லை.

இப்போது சந்தன அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில், மொட்டை போடும் இடத்துக்கு வெளியே, ஒரு பேசினில் குழைத்த சந்தனத்தோடு அவள் நிற்பாள். மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அவள் முன்னால் தலையைக் குனிவார்கள். அழுகிற குழந்தை, ஆந்திராவிலிருந்து வந்த பெரியவர், கார் வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரே வீச்சுதான். உள்ளங்கையால் நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு தடவு. முருகன் கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சந்தனம் பூசிச் சாப்பிட்டுவிட்டு ஞாயிறன்று ஏசுவிடம் வந்து நிற்கிறாளே என்று பெரியப்பாவுக்கு அவள்மேலும் குறைதான். சர்ச்சில் அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் நாலு வரிசைக்கு வாசனை வரும். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஷீட் போட்ட ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். அவள் ஏழை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளிடம்தான் அங்கி இல்லையே.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் ஒருநாள், வெயில் இறங்கி விளக்கு வைக்கும் நேரத்தில், வாசலில் சந்தன வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். சந்தன அத்தை வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு மூட்டை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுவரில் இருந்த படம் இறங்கி வந்து எங்கள் வாசலில் நிற்கிறது!

"இன்னாம்மா, அப்டியே பாத்துகினு நிக்கிற? கழுத்து நோவுது, கொஞ்சம் கை குடு" என்றாள் அம்மாவிடம்.

அம்மா கை கொடுக்கவில்லை. மூட்டையைப் பார்த்த உடனே அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு கையையும் கதவு நிலையின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். "வூடு மாறி வந்துட்டீங்கக்கா. இது எங்களுக்கு இல்ல."

"வூடு மாறல. பாஸ்டர் ஐயா சொல்லித்தான் வந்தேன். போன தபா எனக்கு வந்துச்சு. வாங்கினவங்கதான் அடுத்த வூட்டுக்குத் தூக்கினு போவணும். கொட்டுறவங்களுக்கு இது தெரியாது."

எங்கள் சர்ச் வழக்கத்தின் மறுபாதி அதுதான். டிரம் நிரம்பியதும் போதகர் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வார். போதகருக்கும், கடைசியாக வாங்கியவருக்கும் மட்டும் அது எந்த வீடு என்று தெரியும். ஒருமுறை வாங்கியவர்தான் அடுத்தவருக்குச் சுமந்துபோக வேண்டும். வருடக்கணக்காக அரிசி கொட்டிய அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து நைனாவின் குரல் வந்தது. "எட்த்துகினு போவச் சொல்லு. நாங்க ஒண்ணும் பிச்சைக்கு ஒக்காரல." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாவின் கைகள் நிலையிலேயே இருந்தன.

சந்தன அத்தை வாதாடவில்லை. கொஞ்சம் குனிந்து, அம்மாவின் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே வந்துவிட்டாள். மூட்டையைச் சுவரோரம் இறக்கி, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். "சரி, எட்த்துகினு போறேன். காலையிலேருந்து வெயில்ல நின்னுகினு கீறேன், கண்ண இருட்டுது. துன்றதுக்கு இன்னா கீது?"

"கஞ்சிதான் கீது" என்றாள் அம்மா மெதுவாக.

"ஊத்து. அது போதும்."

பசி என்று வந்து உட்கார்ந்தவளிடம் இல்லை என்று சொல்ல அம்மாவுக்குத் தெரியாது. ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். சந்தன அத்தை ஒரு பச்சைமிளகாயைக் கேட்டு வாங்கி, கடித்துக் கடித்து, அவசரமே இல்லாமல் குடித்தாள். சொம்பை நீட்டினாள். அம்மா மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்து மறுபடி நீட்டினாள். நான் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சொம்பு அம்மாவுடையது, இரண்டாவது நைனாவுடையது; மூன்றாவதை ஊற்றப் பானையைச் சாய்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. "அம்மா, எனக்கு?" என்று அழுதேவிட்டேன்.

சந்தன அத்தை கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "அய்ய, காலியாப் பூடுச்சா? இனிமே ஒலை வெச்சாத்தான் புள்ளைக்கு. வெய்யி, அரிசி இங்கதான் கீது."

அம்மா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் வரும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். சந்தன அத்தை எழுந்துபோய், மொட்டைத் தலைகளைத் தடவுவதுபோலவே, அம்மாவின் தலையை முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை தடவினாள்.

"அவங்க அண்ணன் வூட்டுக்கு மட்டும் தெரியக் கூடாதுக்கா. தெரிஞ்சா இவரு செத்துடுவாரு" என்றாள் அம்மா.

"இந்த வாசப்படிய தாண்டாது. நான் கீற வரைக்கும் தாண்டாது" என்றாள் சந்தன அத்தை.

மூட்டையை அவிழ்த்ததும் எல்லா அரிசியும் சந்தனமாக மணந்தது. அம்மா உலை வைத்தாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டாள். பழையபடி நிறைந்த பிடி. அடுப்புச் சூட்டில், புகைபோல எழுந்த ஆவியில், இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கண் சொக்கியது. தட்டில் விழுந்த சோறு பாதி குழைந்தும் பாதி நறுக்கென்றும் இருந்தது. நைனா சுவர்ப்பக்கம் பார்த்தபடியே வாங்கிச் சாப்பிட்டார். "பாதி வேவவே இல்ல" என்று முணுமுணுத்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டார். ஏழைகள் இதை எப்படி வேகவைப்பார்கள் என்ற என் பழைய சந்தேகம் அப்போதும் தீரவில்லை.

தூக்கத்துக்குள் போகும்போது எல்லாவற்றையும் எனக்கு ஏற்றபடி அடுக்கிக்கொண்டேன். கடைசியில் ஒரு ஏழையைப் பார்த்தாயிற்று. சந்தன அத்தைதான் அது. வெகுதூரம் நடந்து பசியோடு வந்தாள், எங்கள் கஞ்சியை எல்லாம் குடித்தாள், வயிறு கனத்துப் போனதால் மூட்டையைத் தூக்க முடியாமல் எங்கள் வீட்டிலேயே விட்டுப் போய்விட்டாள். என்னிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டும் என்றோ, சொல்லாதே என்று எச்சரிக்க வேண்டும் என்றோ நினைக்கவில்லை. நான் தூங்கிவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. தெருவில் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டே பவனி போய்விட்டு உள்ளே வந்து உட்கார்ந்தோம். எங்கள் சர்ச்சில் முன்பக்கம் சில பெஞ்சுகள் இருந்தன, பின்பக்கம் பாய். பெஞ்சில் இன்னார்தான் உட்கார வேண்டும் என்று எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் இன்னார்தான் உட்காருவார்கள். பெரியப்பா வீட்டுப் பெஞ்சில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். நைனா வரவில்லை, அவரால் இன்னும் நடக்க முடியவில்லை. சந்தன அத்தை பின்னால் பாயில் இருந்தாள்.

பாட்டு முடிந்ததும் போதகரின் மனைவி பிள்ளைகளைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு, இந்த லெந்து நாட்களில் யாருக்கு என்ன நன்மை செய்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். ஒருவன் நாய்க்குட்டிக்குப் பால் வைத்திருந்தான். ஒருத்தி மிட்டாய் தின்பதை விட்டிருந்தாள். என் முறை வந்தது. கையில் கொடுத்த மைக்கை எனக்குத் தெரியும். பிடியில் நைனா சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது. கல்யாணத்துக்குப் போன மைக் சர்ச்சுக்கு வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் எனக்குப் பேச்சு தாராளமாக வந்தது.

"எங்க வூட்டுக்கு ஒரு ஏழை வந்தாங்க" என்றேன். என் குரல் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. "ரொம்பப் பசின்னாங்க. எங்கம்மா இருந்த கஞ்சி எல்லாத்தையும் அவங்களுக்கே ஊத்திட்டாங்க. எனக்குக்கூட இல்ல."

சபை சிரித்தது. பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "யாரும்மா அந்த ஏழை? எப்டி வந்தாரு?" என்று கேட்டார்.

"தலையில ஒரு மூட்டை வெச்சிகினு..." என்று தொடங்கினேன்.

சிரிப்பு அடங்கியது. அந்த ஊரில் எங்கள் சபையாருக்கு மூட்டை என்றால் ஒரே மூட்டைதான். அவர்கள் கொட்டிய அரிசி அது, யார் வீட்டுக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியாதது. இன்னும் ஒரு வாக்கியம் நான் பேசியிருந்தால் போதும். அம்மா மடியில் இருந்த குருத்தோலையை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தாங்க அது."

பின்னாலிருந்து குரல் வந்தது. சந்தன அத்தை பாயில் எழுந்து நின்றிருந்தாள். "நாந்தாங்க போனேன். வூட்ல ஒண்ணும் இல்ல, பசி தாங்கல. துணி மூட்டையோட போயி ஒக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு மொகம் கோணாம ஊத்துச்சு. கேட்டுக் கேட்டுக் குடிச்சேங்க." சொல்லிவிட்டு, தன் பேராசைக்குத் தானே வெட்கப்படுகிறவள்போல வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் சொன்னதில் எது உண்மை, எது பொய் என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

சபை கைதட்டியது. பெரியப்பா எழுந்து நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, எல்லோரும் பார்க்கிறபடி ஒருவர் கையில் கொடுத்துப் பின்னால் அனுப்பினார். சந்தன அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போதகர் தலையைக் குனிந்து வேதப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்; அவர் தேடி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கு ஆட்டுக்குட்டி போட்ட ஒரு வண்ண அட்டை பரிசாகக் கிடைத்தது.

அட்டையோடு நான் பெஞ்சுக்குத் திரும்பிய அதே நேரத்தில் அம்மா எழுந்தாள். கிழிந்த ஓலையைக் கையில் பிடித்தபடி, பெஞ்சுகளைத் தாண்டி, எல்லோரும் பார்க்கப் பின்பக்கம் நடந்துபோனாள். பாயில் சந்தன அத்தைக்குப் பக்கத்தில், தோளும் தோளும் இடிக்க உட்கார்ந்தாள். அடுத்த பாட்டு தொடங்கியபோதும் அம்மா திரும்பி வரவில்லை.

"உங்கம்மா ஏண்டி அங்க போய்ட்டா?" என்று பெரியம்மா என் காதில் கேட்டாள்.

"பாவம், அந்த ஏழைக்கு ஆறுதல் சொல்லப் போயிருக்காங்க" என்றேன். பெரியம்மா என் கன்னத்தைத் தட்டினாள். அம்மா விட்டுப்போன இடமும் சேர்ந்து எனக்கே கிடைத்தது. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் கால்களை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன்.